ஏழாவது ஆள்

பெட்ஷீட் மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவரே மடித்துவிடலாம் என்று சொல்பவர்கள் வீட்டில் நாலு பெட்ஷீட் மடித்தவர்களாக இருப்பார்கள். லாண்டரியில் கை வைத்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வண்டி வண்டியாக வந்து குவிகிற துணியில் பாதி பெட்ஷீட்தான். துவைத்து, பிழிந்து, உலர்த்தி, சூட்டு உருளையில் விட்டு எடுத்து, ஆவி அடங்குவதற்குள் மடிப்பு மேசைக்கு வந்துவிடும். ஆளுக்கு இரண்டு முனை. விறைப்பாக இழுத்து ஓர் உதறு. நீளவாக்கில் ஒரு மடிப்பு, மறுபடியும் ஒன்று. பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, தன் முனையை எதிராளி கையில் கொடுத்துவிட்டு, கீழே தொங்குகிற மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்வாங்க வேண்டும். கொடுக்கும்போது ஒரு சட்டம் உண்டு. வாங்குகிறவள் "ம்" என்று சொன்ன பிறகுதான் கொடுக்கிறவள் விடலாம். முந்தி விட்டால் முனை தரையில் விழும். தரையில் பட்ட துணி திரும்பத் துவைக்கப் போகும். சூப்பர்வைசர் வாயில் விழுந்து எழ வேண்டும். அந்த நாளே நாசம்.

அந்தக் கூடத்தில் ஜன்னலோர மேசை ஒரு மாமியாருக்கும் மருமகளுக்கும் உரியது. மருமகள் "அத்தே" என்று கூப்பிட்டதைக் கேட்டு மற்றப் பெண்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். கடைசியில் மாமியாரைவிடப் பத்து வயது மூத்த சூப்பர்வைசரும் "அத்தை, இன்னைக்கு ஆஸ்பத்திரி லோடு ஜாஸ்தி" என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டது. மருமகளுக்கு வேறு பெயர். பேப்பரில் வலைப்பந்து என்று போடுகிறார்களே, அந்த ஆட்டத்துக்கு லாண்டரிப் பெண்கள் ஓர் அணி வைத்திருந்தார்கள். அதில் நடு இடத்தில் ஆடுகிறவள் என்பதால் அவளை எல்லோரும் சென்டர் என்றார்கள். அந்த அணியை மைதானத்துக்கு வேனில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவன்தான் அத்தையின் மகன். அப்படித்தான் கல்யாணம் ஆனது.

போன மழைக்காலத்தில் அவன் போய்விட்டான். ஓட்டலுக்குத் துணி ஏற்றிக்கொண்டு போன வேன், எதிரில் வந்த லாரி, வழுக்குகிற சாலை. வேனில் இருந்தது அன்று காலை அத்தையும் சென்டரும் மடித்து அடுக்கிய பெட்ஷீட்கள். அதிலேயே ஒன்றை உருவி அவன் மேல் போர்த்தினார்கள். இருவரும் போய்ப் பார்த்தபோது அத்தை அந்தப் பெட்ஷீட்டின் மடிப்புத் தடத்தைத்தான் முதலில் பார்த்தாள். தாங்கள் போட்ட மடிப்பு என்று தெரிந்தது. பெற்ற வயிறு அதற்கப்புறம்தான் எரிந்தது.

பிறகு இருவரும் வேலைக்குத் திரும்பினார்கள். வேறு என்ன செய்வது. ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள வீட்டில் இரண்டு பெண்கள், பேசாமல் பேசிக்கொண்டு இருந்தார்கள். அவனைப் பற்றி ஒருத்தியிடம் ஒருத்தி வாய் திறக்கவில்லை. நாள் முழுக்கச் சொல்லிக்கொள்கிற "ம்" மட்டும் இருந்தது.

ஒரு நாள் டிரையர்களுக்கு நடுவில் உள்ள சந்தில், அணியில் கோல் போடுகிற நெட்டை என்கிறவள் அத்தையை மடக்கினாள். உயரத்தால் அந்தப் பெயர். மனசில் ஒன்றும் தங்காது.

"அத்தே, சென்டர் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லல இல்ல?"

"எதை?"

"பாத்தீங்களா, எனக்குத் தெரியும். போன வாரம் பிராக்டிஸ் பாக்க ஒரு மேடம் வந்தாங்க. பெரிய கம்பெனி டீமோட கோச். நம்ம ஆளப் பாத்துட்டு அசந்து போயிட்டாங்க. ஆனா மேட்ச்ல பாக்கணுமாம். ஃபாக்டரிங்களுக்கு நடக்குற போட்டிக்கு வரேன்னாங்க. நல்லா ஆடினா கையோட வேலை. பகல்ல ஆபீஸ், சாயந்தரம் ஆட்டம், ஹாஸ்டல்ல ரூம்."

"எந்த ஊரு?"

"ரயில்ல ஒரு ராத்திரி போகணும்."

அத்தை டிரையர் கண்ணாடியில் சுழல்கிற துணியைப் பார்த்தாள். "ஹாஸ்டல்னா, கூட யாராவது இருக்கலாமா?"

"எங்க இருக்கறது. பொண்ணுங்க மட்டும்தான். வீட்டில யாரையாவது பாத்துக்கணும்னா வரவே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. முன்ன எடுத்த ரெண்டு பேரு, அம்மாவுக்கு முடியல, மாமியாருக்கு முடியலன்னு பாதியில ஓடிட்டாங்களாம். அதுல இருந்து முதல் கேள்வியே அதானாம்."

"அவ என்ன சொன்னா?"

"வாயே தொறக்கல. தொறந்தும் புண்ணியமில்ல அத்தே. நம்ம கோல் கீப்பருக்கு வயித்துல ஏழு மாசம். ஏழு பேரு இல்லாம போட்டியில பேர் குடுக்க முடியாது. நாங்க ஆறு பேருதான் இருக்கோம். மெஷின் ரூம்ல கேட்டாச்சு, ஒருத்தியப் புருஷன் விட மாட்டானாம், ஒருத்திக்கு வெயில் ஒத்துக்காதாம், இன்னொருத்தி அரை டவுசர் போடணுமான்னு கேட்டுட்டு ஓடிட்டா. பேசாம உங்களத்தான் நிக்க வைக்கணும்."

சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று அத்தைக்குச் சோறு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கியது. ஏழு பேர் இல்லை, போட்டி இல்லை, மேடம் இல்லை, ரயில் இல்லை. பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டு இருக்கிறவள், மிச்சமிருக்கிற ஒன்று கைவிட்டுப் போகாது என்று தெரிந்தபோது கொஞ்சம் சந்தோஷப்பட்டாள். அதைத் தப்பென்று சொல்ல நமக்கு வாய் கிடையாது.

ஆனால் அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் கூட நிற்கவில்லை. வேலை முடிந்து வெளியே வருகிற வழியில், துணி அனுப்பும் அறைக்குப் பெரிய கண்ணாடிக் கதவு. அதில் இரண்டு பேர் வருவது தெரிந்தது. இரண்டு பேரும் இடுப்பில் ஒரு கையை வைத்து, வலது காலை லேசாகச் சாய்த்து, தரையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். யாரோ இரண்டு கிழவிகள் என்று அத்தை ஒதுங்கி வழிவிடப் பார்த்தாள். அப்புறம்தான் தெரிந்தது, ஒரு கிழவி தான், இன்னொரு கிழவி தன் மருமகள். அவளுக்கு இருபத்தைந்து கூட முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அது அத்தையின் பழக்கம். அத்தை முட்டிக்குத் தடவிய தைலத்தில் விரலில் ஒட்டிய மிச்சத்தைத் தன் முட்டியில் தடவிக்கொள்கிறாள். எழுந்திருக்கும்போது "அம்மாடி" என்கிறாள். எல்லாம் தன்னிடமிருந்து போனது. இன்னும் கொஞ்ச நாள் போனால் பல்லையும் கழற்றிவிடுவாள் போல என்று நினைத்தாள்.

"உங்க ஆட்டத்துக்கு ஆள் குறையுதாமே" என்றாள்.

சென்டர் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். "நெட்டை சொன்னாளா? அவ வாய்ல பூட்டு போடணும்."

"நான் நிக்கிறேன்."

சென்டர் சிரித்துவிட்டாள். மழைக்காலத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. பாதியில் நின்றுபோனது. "சும்மா இருங்க அத்தே."

"ஏன், எனக்குக் கை கால் இல்லையா? உன்னோட சேந்து ஒரு நாளைக்கு எத்தன பெட்ஷீட் இழுக்கறேன். இந்தக் கைல ஒரு பந்து நிக்காதா?"

"அந்த மேட்ச் எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியும்."

சென்டர் குழாயை மூடினாள்.

"தெரிஞ்சுதான் சொல்றேன். என்ன ஆட்டம், எப்படி ஆடணும், அதச் சொல்லிக்குடு."

சென்டர் அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாளும் இல்லை. அத்தை விடவில்லை. மடிக்கும்போது, நடக்கும்போது, டீ குடிக்கும்போது, அதே பேச்சு. அம்மா பிடித்தால் விடமாட்டாள் என்று மகன் முன்பு சொல்வதுண்டு. கடைசியில் சென்டர் ஒரு பழைய பெட்ஷீட்டை எடுத்துத் தரையில் விரித்தாள்.

"இதுதான் கோர்ட்டுன்னு வெச்சுக்குங்க."

"சரி."

"இத மூணா மடிங்க."

அத்தை மூன்றாக மடித்துத் தடம் விழ அழுத்தி, மறுபடி விரித்தாள்.

"இந்தக் கடைசி நம்ம கோல். அந்தக் கடைசி அவங்க கோல். நடுவுல இது பொது. ரெண்டு கடைசியிலயும் அரை வட்டம் ஒண்ணு இருக்கும்." இரண்டு சோற்றுத் தட்டுகளை எடுத்து ஓரங்களில் கவிழ்த்தாள். "வட்டத்துக்குப் பின்னால கம்பம், உங்க உயரத்துக்கு ரெண்டு பங்கு. உச்சியில வளையம். அதுல பந்தப் போட்டா கோல்."

"பாஸ்கட்பால்தான இது."

"அதுல பின்னால பலகை இருக்கும், மோதி விழும். இதுல பலகை கிடையாது. நேரா வளையத்துக்குள்ள விழணும். அதுல பந்தத் தட்டிக்கிட்டே ஓடுவாங்க. இதுல ஓடக் கூடாது."

"ஓடாம என்னடி பந்தாட்டம்?"

"பந்து கைல இல்லாதப்ப ஓடலாம். கைக்கு வந்தா நின்னுடணும். பந்து பிடிக்கறப்ப எந்தக் கால் முதல்ல தரையில படுதோ அதுதான் ஊன்றின கால். அத வெச்சுத் திரும்பலாம். தூக்கக் கூடச் செய்யலாம், ஆனா திரும்பத் தரையில வைக்கறதுக்குள்ள பந்து கையவிட்டுப் போயிருக்கணும். அந்தக் கால இழுத்தாலோ, நொண்டி அடிச்சாலோ, விசில். பந்து அவங்களுக்கு."

"ம்."

"அதோட, பந்தக் கைல மூணு விநாடிக்கு மேல வெச்சிருக்கக் கூடாது. குடுத்துடணும்."

"மூணு விநாடில யாருக்குக் குடுக்கறதுன்னு யோசிக்க வேண்டாமா?"

"அதுக்குத்தான் பிடிக்கறதுக்கு முந்தியே யோசிக்கணும்."

அத்தை தட்டைக் காட்டினாள். "இதுக்குள்ள யாரு?"

"சொல்றேன். ஏழு பேருக்கும் நெஞ்சுல எழுத்து இருக்கும். எழுத்தப் பாத்தாலே யாரு எங்க போலாம்னு தெரிஞ்சுடும். நெட்டை கோல் போடறவ, அவ அந்தக் கடைசி மடிப்ப விட்டு வெளிய வரக் கூடாது. அவளும் இன்னொருத்தியும் மட்டும்தான் கோல் போடலாம், அதுவும் அந்தத் தட்டுக்குள்ள நின்னு. நீங்க கோல் கீப்பர். நம்ம கோலக் காக்கறவ. இந்தக் கடைசி மடிப்புதான் உங்க வீடு. இந்த மடிப்பத் தாண்டினா தப்பு."

"நீ?"

"நான் மூணு மடிப்புலயும் ஓடலாம். ரெண்டு தட்டுக்குள்ள மட்டும் கால் வைக்கக் கூடாது."

அத்தை கவிழ்ந்த தட்டைப் பார்த்தாள். "அப்ப நான் அதுக்குள்ள மாட்டிக்கிட்டா நீ வர மாட்டே."

"வர முடியாது அத்தே. ஓரத்துல நின்னு கை நீட்டுவேன். நீங்கதான் எனக்குப் போடணும்."

"சரி. எதிராளிப் பொண்ணு கோல் போட வந்தா நான் என்ன பண்ண? புடிச்சுத் தள்ளலாமா?"

"தொடவே கூடாது. மூணு அடி தள்ளி நின்னு கைய மட்டும் தூக்கி மறிக்கலாம்."

"மூணு அடின்னா ஒரு தலையணை உறைக்குக் கொஞ்சம் கூட."

"ஆமா, அவ்வளவுதான். இடிச்சீங்கன்னா விசில். அப்ப அவ பந்தப் போட்டு முடிக்கற வரைக்கும் நீங்க அவ பக்கத்துல பேசாம நிக்கணும். கைய அசைக்கக் கூடாது."

"தப்புப் பண்ணவளப் பக்கத்துலயே நிக்க வெச்சுப் பாக்க விடறதா? அடிச்சாக் கூடத் தாங்கலாம்" என்றாள் அத்தை.

லாண்டரிக்குப் பின்னால் துணி காயும் முற்றத்தில் ஒரு கம்பமும் வளையமும் உண்டு. வேலை முடிந்து அங்கே பழகினார்கள். கொடிக்கயிற்றுக்குக் கீழே, மேலே ஆடுகிற டவல்களுக்கு நடுவில் பந்து பறக்கும். அத்தையோடு கோல் காக்கிற இன்னொரு பெண், தையல் பிரிவில் பொத்தான் தைப்பதால் பட்டன் என்று பெயர், சின்ன உருவம், துடிப்பு. அவள் அத்தைக்கு முன்னால் பாய்ந்து பந்தைப் பறித்துவிடுவாள். வயிற்றுப்பிள்ளைக்காரி ஒரு துணி மூட்டை மேல் உட்கார்ந்து, "கைய மேல, கைய மேல" என்று கத்துவாள். அத்தை ஒன்றும் பெரிதாகத் தேறவில்லை. யாரையாவது இடித்துவிட்டால் "மன்னிச்சுக்கோம்மா" என்று அவள் தாடையைத் தொட்டுத் தடவுவாள். தடவுவதும் தப்புதான் என்று சொல்லிச் சொல்லிப் பெண்களுக்கு வாய் வலித்தது.

போட்டி நடந்த அன்று, முந்தின நாள் மழை ஓய்ந்து வெயில் அடித்தது. ஒரு பள்ளிக்கூடத்து மைதானம். சிமெண்ட் தரையில் கோடு கிழித்திருந்தார்கள். ஓரங்களில் ஈரம் காயவில்லை. அத்தை லாண்டரிச் சட்டையும் கீழே நீளக் கால்சட்டையும் போட்டிருந்தாள். அது மகனுடையது, காலில் இரண்டு மடிப்பு ஏற்றிவிட்டிருந்தாள். அதை அலமாரியிலிருந்து அவள் எடுத்தபோது சென்டர் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து மடிப்பைச் சரி செய்துவிட்டாள்.

எதிரணி பிஸ்கட் ஃபாக்டரி. அத்தை மறிக்க வேண்டிய பெண் வாட்டசாட்டமாக இருந்தாள், கிட்டே வந்தாலே சர்க்கரை வாசம். மைதான ஓரத்தில் ஒரு நாற்காலியில் குட்டை முடியும் கறுப்புக் கண்ணாடியுமாக அந்த மேடம்.

விசில் ஊதியது. நடு வட்டத்திலிருந்து சென்டர்தான் முதல் பந்தைப் போட்டாள். போட்ட கையோடு அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அத்தை கை தூக்க மறந்து நின்றாள். கண்ணாடிக் கதவில் பார்த்த கிழவி எங்கே போனாளோ. ஒரு கால் ஊன்றி, உடம்பைச் சுழற்றி, பார்க்காமலேயே பந்தை நெட்டைக்கு அனுப்பினாள். நெட்டை வளையத்துக்குள் விட்டாள். கோல் விழுந்த பிறகு நடுப் பந்து எதிரணிக்கு. அவர்களும் போட்டார்கள். மாறி மாறி நடுவிலிருந்து ஆரம்பம். அத்தைக்குத் தலை சுற்றியது.

ஒரு முறை பிஸ்கட் பெண்ணின் பந்து வளையத்தில் பட்டுத் தெறித்து, கேட்காமல் கொள்ளாமல் அத்தையின் கையில் வந்து விழுந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். வட்டத்தின் கோட்டுக்கு வெளியே, வீசினால் எட்டுகிற தூரத்தில், சென்டர் இரண்டு கையையும் நீட்டி நின்றாள். அத்தை பந்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். விடவில்லை. விசில். பந்து எதிரணிக்குப் போனது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பந்து கிடைத்தது, மறுபடி அதேபோல நீட்டிக்கொண்டு நின்றாள், மறுபடி விசில்.

ஆட்டம் மொத்தம் நாலு பகுதி. முதல் இடைவேளையில் நெட்டை தலையில் அடித்துக்கொண்டாள். "என்ன அத்தே, பந்துல பசை தடவி வெச்சிருக்கீங்களா?"

சென்டர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள். "நான் கை நீட்டிட்டுதான இருக்கேன். ஏன் விட மாட்டேங்கறீங்க?"

"நீ ம் சொல்லலையே" என்றாள் அத்தை.

பட்டன் சிரித்து உருண்டாள். வயிற்றுப்பிள்ளைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சென்டர் மட்டும் சிரிக்காமல் அத்தையின் நெற்றி வியர்வையைத் தன் முழங்கையால் துடைத்துவிட்டு, "சரி, சொல்றேன்" என்றாள்.

அதற்கப்புறம் ஆட்டம் மாறியது. வட்டத்தின் ஓரத்திலிருந்து "ம்" என்று குரல் வரும், அத்தையின் கை தானாக விடும், பந்து சென்டரிடம், அங்கிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து நெட்டைக்கு. இரண்டாவது பகுதி முடியும்போது லாண்டரி ஒரு கோல் முன்னால் இருந்தது. மேடம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள். அத்தை அதைப் பார்த்தாள். சென்டரும் பார்த்தாள்.

மூன்றாவது பகுதியில் சென்டர் பந்தைப் பிடித்தாள், ஊன்றிய காலை இழுத்தாள். விசில். நடுவர் காலைக் காட்டினார். யாருக்கும் வருவதுதான். கொஞ்ச நேரத்தில் மறுபடி. விசில். பிறகு யாருமே இல்லாத இடத்துக்கு ஒரு பந்து போட்டாள். நெட்டை இரண்டு கையையும் விரித்து வானத்தைப் பார்த்தாள். பிஸ்கட் ஃபாக்டரி ஏறிக்கொண்டே போனது. மேடம் சாய்ந்து உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

அந்த மைதானத்தில் ஆட்டம் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். மழை ஈரம், வழுக்குகிறது, பாவம், களைத்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். ஆட்டம் தெரியாத அத்தைக்குத்தான் அந்தக் காலைத் தெரியும். எத்தனை வருஷமாக அந்தக் கால்கள் தன்னை நோக்கி வந்து, நின்று, பின்வாங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சோப்புத் தண்ணீர் ஓடும் தரையில் கூட ஒரு முறை தடுமாறாத கால். மகன் போன மறுவாரம் கண் தெரியாமல் அழுதுகொண்டே மடித்தபோதும் அடி தப்பாத கால்.

இடைவேளையில் அத்தை அவளைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"வேணும்னே பண்றே."

"இல்ல அத்தே. வழுக்குது."

"எங்கிட்ட சொல்றியா இத?"

சென்டர் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே இருந்தாள். "நான் போயிட்டா உங்களுக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் என்னன்னா கேக்கற? உன்னப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத் தினம் உன் மூஞ்சியப் பாக்கறேன். ரெண்டு பேரும் அவனையே நினைச்சுக்கிட்டு ஒரே மாதிரி கிழவியாயிட்டு இருக்கோம். ஒரு வீட்டுக்கு ஒரு கிழவி போதும்டி."

"நான் போக மாட்டேன் அத்தே. என்னத் தொரத்தாதீங்க."

அத்தை அவளுடைய ஈர முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "அவன் காலைல போனப்ப நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்னுட்டு இருந்தேன். வரேன்னானா, என்னமோ சொன்னானா, ஒண்ணும் காதுல விழல. போயிட்டான். நீயாவது எங்கிட்ட சொல்லிட்டுப் போ. நான் வாசல்ல நின்னு பாத்து அனுப்பறேன். பாத்து அனுப்பினேன்னு ஒண்ணாவது எனக்கு இருக்கட்டும்."

விசில் ஊதியது. நெட்டை கூப்பிட்டாள். இருவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினார்கள். அத்தை ஓடினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது.

கடைசிப் பகுதியில் சென்டர் ஆடியதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள். அழுதுகொண்டே ஆடினாள் என்பது அவர்களுக்குத் தெரியாது, வியர்வை என்று நினைத்தார்கள். இந்த ஓரத்தில் இருப்பாள், திரும்பிப் பார்ப்பதற்குள் அந்த ஓரத்தில் இருப்பாள். கால் ஒரு முறை தப்பவில்லை. எதிரணிப் பந்தைக் காற்றிலேயே பறித்தாள். வட்டத்தின் கோட்டை உரசி நின்று, உள்ளே கால் வைக்காமல், அத்தையிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டு போனாள். லாண்டரி இரண்டு கோலில் தோற்றது. மூன்றாவது பகுதியில் விட்டதைப் பிடிக்க நேரம் போதவில்லை. தோற்றதைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. மேடம் நாற்காலியை விட்டு எழுந்து நேராக இவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

பெண்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை மரத்தில் சாய்ந்து நின்று முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவது குவார்ட்டர்ல என்னம்மா ஆச்சு உனக்கு?" என்று கேட்டாள் மேடம்.

"வழுக்கிடுச்சு மேடம்."

"கடைசியில ஆடினியே, அதுதான் எனக்கு வேணும். அடுத்த வாரமே வர முடியுமா?" சென்டர் தரையைப் பார்த்தாள். மேடம் அதைப் புரிந்துகொண்டவள் மாதிரி தலையை ஆட்டினாள். "மொதல்லயே கேட்டுடறேன். வீட்டில யாரு இருக்கா? உன்ன நம்பி யாராவது இருந்தா இப்பவே சொல்லிடு. கூட்டிட்டுப் போய் ஒரு மாசத்துல திருப்பி அனுப்பறதுல எனக்கும் கஷ்டம், உனக்கும் கஷ்டம்."

சென்டர் வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"யாரும் இல்லம்மா அவளுக்கு" என்றாள் அத்தை.

மேடம் திரும்பிப் பார்த்தாள். வயசான ஓர் அம்மாள், நெஞ்சில் எழுத்துக் கட்டிக்கொண்டு, யாருடையதோ கால்சட்டையை மடித்து விட்டுக்கொண்டு. "நீங்க யாரு?"

"நானும் லாண்டரிதான். அவகூடத் துணி மடிக்கறவ. எனக்கு நல்லாத் தெரியும். புருஷன் செத்துட்டான். வேற யாரும் கிடையாது. தனியாத்தான் இருக்கா."

நெட்டை தண்ணீர் பாட்டிலை வாய்க்குக் கொண்டு போனவள் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். மனசில் ஒன்றும் தங்காதவள் அன்றைக்கு வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். பட்டன் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துவிட்டாள்.

"அப்படியாம்மா? யாரும் இல்லையா?" என்று மேடம் சென்டரிடமே கேட்டாள்.

சென்டர் அத்தையைப் பார்த்தாள். அத்தை அவளைப் பார்த்துக் கண்ணால் சொல்லு என்றாள். புருவத்தைத் தூக்கி மறுபடி சொல்லு என்றாள். கோபமாகக் கூடப் பார்த்தாள்.

"ஆமா மேடம்" என்றாள் சென்டர். "எனக்கு யாரும் இல்ல."

தான் சொல்லிக்கொடுத்த வார்த்தைதான். சொல்ல வேண்டும் என்று கெஞ்சியதும் தான்தான். ஆனாலும் அந்தப் பெண்ணின் வாயிலிருந்து, அந்தக் குரலில் அதைக் கேட்டபோது அத்தை மரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள்.

"என்ன அத்தே?" என்று வயிற்றுப்பிள்ளைக்காரி நகர்ந்து வந்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள். "முட்டிதான். நீ போய் அவகிட்ட சொல்லு, அந்த அம்மா போற வரைக்கும் இந்தப் பக்கம் வர வேண்டாம்னு."